தர்க்கம், அறவியல், பகுத்தறிவு: கேள்வி பதில்

தத்துவம் கற்பிக்கிறேன். இந்த மூன்றில் எதைப் பற்றியும் கேளுங்கள். கடவுள் உண்டா என்பதை இன்றைக்கு விட்டுவிடலாம்.

கேள்வி: நிறுத்த முடியாத டிராம் ஒன்று ஓடுகிறது. நேரே போனால் ஐந்து பேர் சாவார்கள், வேறு தடத்துக்குத் திருப்பினால் ஒருவர். டிராமைத் திருப்புவீர்களா?

திருப்புவேன். ஆனால் 1967இல் தத்துவவாதி ஃபிலிப்பா ஃபுட் இதை எழுதியது நம்மிடம் ஓட்டு வாங்க அல்ல. கலவரத்தில் பலர் சாகாமல் இருக்க ஒரு நிரபராதியைத் தண்டிக்கும் நீதிபதியை நாம் ஏற்பதில்லை. ஓட்டுநரை மட்டும் ஏன் ஏற்கிறோம்? அவர் கேட்டது அதைத்தான்.

கேள்வி: தர்க்கம் படித்தால் விவாதத்தில் ஜெயிக்கலாமா?

அதற்காகப் படிக்காதீர்கள். 'மீனெல்லாம் பறக்கும், சுறா மீன், ஆகவே சுறா பறக்கும்.' வடிவத்தில் ஒரு குறையும் இல்லை. வடிவம் வேறு, உண்மை வேறு.

கேள்வி: மேசையில் நான்கு அட்டைகள்: அ, க, 4, 7. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். 'ஒரு பக்கம் உயிரெழுத்து என்றால் மறுபக்கம் இரட்டைப்படை எண்.' இது உண்மையா என்று பார்க்க அ, 4 இரண்டையும் திருப்பினேன். தப்பாம். ஏன்?

உளவியலாளர் பீட்டர் வேசன் 1966இல் வெளியிட்ட புதிர் இது. பெரும்பாலோர் உங்களைப் போலத்தான் சொல்கிறார்கள். 4க்குப் பின்னால் க இருந்தாலும் விதி உடையாது. 7க்குப் பின்னால் அ இருந்தால் உடைந்துவிடும். ஆகவே அ, 7.

அவரே: 4க்குப் பின்னால் அ இருந்தால் விதி உறுதிப்படுமே?

ஒத்துப்போகும், அவ்வளவுதான். உடைக்கக்கூடியதைத் தேடுங்கள்.

இன்னொருவர்: அப்போது மனிதருக்குப் பகுத்தறிவே இல்லை!

அவசரம் வேண்டாம். 1982இல் கிரிக்ஸ், காக்ஸ் என்ற உளவியலாளர்கள் ஃபுளோரிடாவில் இதே புதிரை மாற்றிக் கேட்டார்கள்: 'பீர் குடிப்பவருக்கு 19 வயது தாண்டியிருக்க வேண்டும்.' யாரைச் சோதிப்பீர்கள்? பீர் குடிப்பவரை, அப்புறம் வயது குறைந்தவரை. முக்கால்வாசிப் பேர் சரியாகச் சொன்னார்கள்.

அட்டைக் கேள்வி கேட்டவர்: ஏமாற்றுபவரைப் பிடிக்க மூளை பழகியிருப்பதால்தானே?

உளவியலாளர் லீடா காஸ்மிடீஸ் அப்படித்தான் வாதிட்டார். எனக்கு முழுச் சம்மதம் இல்லை. அட்டை விதி உண்மையா பொய்யா என்று பார்க்கிறோம். பீர் விதியில் அந்தக் கேள்வியே இல்லை. மீறியவர் யார் என்று தேடுகிறோம். வடிவம் ஒன்றானாலும் வேலை வேறு. ஒன்றில் தேறி மற்றதில் தவறினால் ஏமாற்றுபவரைப் பிடிக்க மூளையில் தனி அறை இருக்கிறது என்று ஆகிவிடாது.

கேள்வி: டிராம் கேள்விக்கு உங்கள் பதில்?

மேலே இருக்கிறது.

கேள்வி: டிராமில் அந்த ஒருவர் என் அம்மா என்றால்?

மூன்றாவது டிராம். இனி வேண்டாம்.

கேள்வி: தமிழில் பழைய தர்க்கம் உண்டா?

மணிமேகலையின் 29ஆம் காதையைப் படியுங்கள். பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (உதாரணம்): இந்த மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களை போல. வடிவம் வேறு, உண்மை வேறு என்ற என் பழைய எச்சரிக்கையும் அங்கே இருக்கிறது. தெரிவது ஆவியா பனியா என்ற ஐயம் தீராமலே அதைப் புகை என்று வைத்து நெருப்பைத் துணிவதை அந்தக் காதை பிழைகளில் ஒன்றாகச் சேர்க்கிறது.