‘ஸ்லர்டு ஸ்பீச்’: முணுமுணுப்பா, குழறலா?

வணக்கம். பக்கவாத விழிப்புணர்வுத் துண்டறிக்கையை மொழிபெயர்க்கும்போது ‘ஸ்லர்டு ஸ்பீச்’ என்பதை ‘முணுமுணுப்பான பேச்சு’ என்று எழுதியது சரியா எனக் கேட்டிருந்தீர்கள். அதை மாற்றிவிடுங்கள், ‘பேச்சுக் குழறல்’ அல்லது ‘நாக்குழறல்’ என்பதே பொருந்தும்.

முணுமுணுப்பு என்றதும் மனக்குறையோடு தாழ்ந்த குரலில் தனக்குத்தானே பேசுவதுதான் நம்மவருக்கு நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் அதற்கு இணை ‘மட்டர்’. ‘மம்பிள்’ என்பது வாயைச் சரியாகத் திறக்காமல் சொற்களை மென்று விழுங்குவது. கூச்சத்தாலோ பழக்கத்தாலோ வருவது. உரக்கச் சொல்லும்படி கேட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ‘ஸ்லர்’ அப்படியல்ல. நாக்கும் உதடும் சொன்னபடி கேட்காததால், குரல் ஓங்கி ஒலித்தாலும் ஒலிகள் ஒன்றோடொன்று இழைந்து உருக்குலைகின்றன. மது மிகுந்தவரிடமும் இதைக் காணலாம் என்பதால், ‘திடீரென’ என்ற சொல்லைத் துண்டறிக்கையில் விட்டுவிடாதீர்கள். பக்கவாதத்தின் அடையாளமே அந்தத் திடீர்த் தன்மைதான்.

‘திடீரெனப் பேச்சு குழறுகிறதா? ஓர் எளிய வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். குழறினால் உடனே 108-ஐ அழையுங்கள்’ என்று எழுதினால் படிப்பறிவு குறைந்த வீட்டிலும் புரியும். குழறல் இல்லாமலே சொல் வராமல் தடுமாறுவதும், பிறர் சொல்வது விளங்காமல் போவதும் பக்கவாதத்தில் உண்டு. மூலத்தில் அவை தனியாகக் குறிக்கப்பட்டிருந்தால் இதனோடு சேர்த்துவிடாமல் தனி வரியாகவே கொடுங்கள்.