ஆறு மணிக்குக் கிளம்புகிறவளிடம் யார் பொறுப்பைக் கொடுப்பார்கள்?

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நாடகம், விவாதம், புகைப்படம், சுற்றுச்சூழல் என நான்கு மன்றங்களில் சேர்ந்திருக்கிறேன். எதிலும் எனக்கு ஒரு பொறுப்பும் தரவில்லை. எனக்குப் பின்னால் வந்தவள் நாடக மன்றத்தின் துணைச் செயலாளராகிவிட்டாள். அன்று இரவு முழுக்க அழுதேன். வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுத்தான் ஆறு மணி வரை இருக்கிறேன். தம்பிக்கு மட்டும் உண்மை தெரியும். எனக்குத் திறமை இல்லையா?

பதில்: உன் திறமையைப் பற்றி எனக்குத் தெரியாது. அந்த ஸ்பெஷல் கிளாஸைப் பற்றிப் பேசுவோம்.

இல்லாத அந்த வகுப்பு ஆறு மணிக்கு முடிகிறது. அதனால் நீயும் ஆறு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். மன்றத்தின் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. மைக் வயரைச் சுருட்டி, வாங்கிய இடத்தில் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். நாற்காலிகளை அடுக்க வேண்டும். ரசீதுகளை நோட்டில் ஒட்டி, முன்பணத்தில் மிச்சம் எவ்வளவு என்று பொறுப்பாசிரியரிடம் கணக்குக் காட்ட வேண்டும். அடுத்த செயலாளர் யார் என்ற பேச்சு வரும்போது, விளக்கை அணைக்கும் வரை கூட நின்றவர்களின் பெயர்தான் சீனியர்களின் வாயில் வரும். அந்தப் பெண் நின்றிருப்பாள்.

இதைவிட என்னைக் கோபப்படுத்தியது உன் தம்பியின் நிலைமை. நீ தாமதமாகும் ஒவ்வொரு நாளும் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லும் வேலையை அவன் தலையில் கட்டியிருக்கிறாய். மூத்தவள் செய்கிற காரியமா இது? வழியில் உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் எங்கே தேடுவது என்று பெற்றவர்களுக்குத் தெரியாது; தெரிந்த ஒருவனோ சொல்லலாமா கூடாதா என்று தவித்துக்கொண்டிருப்பான். பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று அறிவது பெற்றோரின் உரிமை. எனக்கு இதில் மாற்றுக்கருத்தே கிடையாது.

அவர்கள் மறுத்தார்கள் என்று நீ எழுதவில்லை. கேட்டிருக்கவே மாட்டாய். இன்றைக்கே சொல். பழி தம்பி மேல் விழாதபடி சொல். திட்டுவார்கள், வாங்கிக்கொள். பிறகு எந்த நாட்களில் ஒத்திகை, எத்தனை மணிக்குத் திரும்புவாய், யாரோடு வருவாய், பொறுப்பாசிரியரின் போன் எண் என்ன என்று ஒரு தாளில் எழுதிக் கொடு. வாரம் இரண்டு நாள்தான் என்று அவர்கள் சொன்னால் இரண்டு நாள் மட்டும் போ.

மற்ற மூன்று மன்றங்களையும் விட்டுவிடு. நீ அழுதது நாடகத்துக்காக மட்டும்தானே? அடுத்த கூட்டத்தில் பதவி எதுவும் கேட்காதே. வரவு செலவு நோட்டை நான் எழுதுகிறேன் என்று சொல். அந்த வேலைக்குப் பெரும்பாலும் போட்டி இருக்காது.