இணையதளத்தில் ஓட்டை, ஆர்டிஐ மறுப்பு, கசியும் ஆவணம்: வாசகர் கேள்வி-பதில்

கே: அரசு இணையதளம் ஒன்றில் முகவரியின் கடைசி எண்ணை மாற்றினால் அடுத்தவரின் ஆதார் நகல் திறக்கிறது. புகார் செய்தால் என்மேலேயே வழக்கு பாயுமா?

ப: முதலில் அந்த ஒன்றோடு நிறுத்துங்கள். எத்தனை பேர் பாதிப்பு என்று பார்க்க ஸ்கிரிப்ட் ஓட்டி மொத்தமாக இறக்குவதில்தான் பலர் மாட்டுகிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43 பார்ப்பது உரியவரின் அனுமதி இருந்ததா என்பதைத்தான். அனுமதியில்லாமல் நுழைவது ஒரு மீறல், நகலெடுப்பது இன்னொன்று. நேர்மையற்ற நோக்கமும் சேர்ந்தால் பிரிவு 66: மூன்றாண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தைக் காட்டி 66-இலிருந்து தப்பலாம்; ஆனால் அது 43-இன்படி இழப்பீடு கேட்பதைத் தடுக்காது. நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் ஆய்வாளர்மேல் வழக்கு வேண்டாம் என்று அமெரிக்க நீதித் துறை 2022-இல் கொள்கை வகுத்தது. நம் சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. இது பெரிய குறை.

வீட்டில் ஒருவரின் ஒப்புதலோடு அவருடைய விண்ணப்ப எண்ணைப் போட்டுக் காட்டுங்கள். மாற்றிய எண், தேதி, நேரம், பெயரைக் கறுப்படித்த ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட். இவற்றை மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு மின்னஞ்சல் செய்யுங்கள். சரிசெய்யும்வரை எக்ஸில் போட வேண்டாம். அதைப் பார்த்து மற்றவர்கள் அள்ளிவிடுவார்கள்.

கே: எதிர்ப்பைக் காட்ட ஒரு தளத்தை முடக்கலாமா?

ப: கூடாது. மற்றவர் அணுகுவதைத் தடுப்பதும் 43-க்குள் வரும். 'பாதுகாக்கப்பட்ட அமைப்பு' என அரசு அறிவித்த கணினிக்குள் அனுமதியின்றி நுழைய முயன்றாலே பிரிவு 70-இன்படி பத்தாண்டு வரை சிறை.

கே: ஆர்டிஐயில் (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) ஒரு திட்டத்தின் பயனாளிகள் பட்டியல் கேட்டேன். 'தனிநபர் தகவல்' என்று மறுத்துவிட்டார்கள்.

ப: 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிநபர் தகவலை மறுக்க இடம்தரும் ஆர்டிஐ 8(1)(ஜே)-யில் இருந்த பொதுநலன் விதிவிலக்கை நீக்கிவிட்டது, 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்தது. ஆனால் 8(2) அப்படியே இருக்கிறது: பொதுநலன் பெரிதென்றால் தரலாம். மானியத் திட்டப் பயனாளிகள் விவரத்தைக் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது 4(1)(பி)-யின் 12-ஆம் உட்பிரிவு. இரண்டையும் எண்ணோடு குறிப்பிட்டு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள். பிரிவு 10-இன்படி, மறைக்க வேண்டியதை மறைத்து மீதியைத் தரும்படியும் கேளுங்கள்.

கே: அலுவலக முறைகேட்டுக்கு ஆதாரமான ஆவணத்தைப் பத்திரிகையாளரிடம் தந்தால் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

ப: பெரும்பாலும் யார் எதை அச்சிட்டார் என்ற கணினிப் பதிவிலிருந்து. 2017-இல் அமெரிக்காவில் ரகசிய ஆவணத்தைச் செய்தித்தளத்துக்கு அனுப்பிய ஒப்பந்த ஊழியர் ரியாலிட்டி வின்னர் சிக்கியது அப்படித்தான். வெளியான நகலில் மடிப்புத் தடம் தெரிந்ததால், அது அச்சிட்டு எடுத்தது என்று புரிந்தது. அச்சிட்டவர்கள் ஆறே பேர். கலர் லேசர் பிரிண்டர்கள் பல, கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளில் வரிசை எண்ணையும் நேரத்தையும் பதிக்கும். அலுவலகக் கணினி, அலுவலக வைஃபை இரண்டையும் தொடாதீர்கள். 2014-இன் தகவலளிப்போர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அலுவலக ரகசியச் சட்டம் 1923 பொருந்தும் ஆவணமானால் வாங்குபவரும் குற்றவாளி ஆகலாம். அதனால் ஆவணத்தின் கோப்பு எண்ணையும் தேதியையும் மட்டும் சொல்லி, வெளியாள் ஒருவரை ஆர்டிஐயில் கேட்கச் சொல்லுங்கள். மத்திய அரசு அலுவலகமானால் மனுக் கட்டணம் 10 ரூபாய்.