கலஹா பஸ்ஸில் இருந்து இறங்குங்கள்: பேராதனைக் கம்பஸ் பார்க்கப் போகிறவர்களுக்குக் கேள்வி பதில்

கண்டியில் இருந்து கலஹாவுக்கும் தெல்தோட்டைக்கும் போகிற பஸ் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நடுவாலேயே ஓடுகிறது. நான் பிறந்த தேயிலைத் தோட்டம் அந்தப் பாதையின் மேல் பக்கம். சின்ன வயதில் அம்மாவின் மடியில் இருந்து ஜன்னல் வழியாக அந்தக் கட்டடங்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பஸ் நிற்கும், கொப்பியும் குடையுமாகச் சிலர் இறங்குவார்கள். எங்கள் ஆட்கள் யாரும் இறங்க மாட்டார்கள். முதல் தடவை நான் அங்கே இறங்கியது பதிவு செய்யப் போன அன்றுதான். கலைப்பீடத்தில் புவியியல் படித்து, இப்போது தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். வருடா வருடம் உயர்தரப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போவது வழக்கம். இந்த முறையும் போகிறோம் என்று சொன்னதும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

தலவாக்கலையில் இருந்து ஒரு அப்பா: டீச்சர், நாங்கள் குடும்பமாக வர நினைக்கிறோம். எப்படி வருவது? உள்ளே விடுவார்களா?

நுவரெலியா, ஹட்டன் பக்கம் இருந்து கண்டி பஸ் எடுத்தால் கம்பளை, கெலிஓயா தாண்டிப் பேராதனைக்கு வரும். பூந்தோட்டத்தைக் கடந்து, மகாவலிப் பாலத்தையும் கடந்ததும் கலஹாச் சந்தி. அங்கே இறங்குங்கள். கண்டி டவுன் வரை போய்த் திரும்பி வரத் தேவையில்லை. ரயில் என்றால் ஒரு விஷயம் கவனம். பொடி மெனிக்கே கண்டிக்குள் போய்த் திரும்பும், உடரட்ட மெனிக்கே போகாது. அதில் வந்தால் பேராதனைச் சந்தி நிலையத்தில் இறங்கி பஸ்ஸோ த்ரீவீலரோ பிடிக்க வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை அடைபடுவது நமக்குப் புதிதில்லை. அதனால் முதல் நாள் ஸ்டேஷனில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

வீதி பொது வீதிதான், நடந்து பார்க்க யாரும் மறிக்க மாட்டார்கள். ஆனால் விரிவுரை மண்டபம், ஆய்வுகூடம், நூலகத்தின் உட்பக்கம் எல்லாம் அப்படி இல்லை. பாடசாலைக் குழுவாகப் போனால் அதிபரின் கடிதத்தை அந்தந்தப் பீடத்துக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். ஒரு தடவை போயா (பௌர்ணமி) விடுமுறையைக் கவனிக்காமல் முப்பத்தெட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் இறங்கினேன். மரமும் குரங்கும்தான் எங்களை வரவேற்றன. பிழை என்னுடையது. சனி, ஞாயிறு, போயா, பரீட்சைக் காலம் எல்லாவற்றையும் பார்த்து நாளைத் தீர்மானியுங்கள்.

நாவலப்பிட்டியில் இருந்து ஒரு மாணவன்: ஒரே நாளில் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது?

எல்லாம் பார்க்க முடியாது தம்பி. ஏறக்குறைய 700 ஹெக்டேயர். மலை, ஆறு, கட்டடம் எல்லாம் கலந்த இடம். ஹந்தானை மலை ஒரு பக்கம் எழும்பி நிற்கும், மகாவலி நடுவால் ஓடும். பொறியியல் பீடம் ஆற்றுக்கு மறுகரையில். அந்த மாணவர்கள் அக்பர் ஹோலில் இருந்து அக்பர் பாலத்தால் நடந்து வகுப்புக்குப் போவார்கள். ஆற்றைக் கடந்து வகுப்புக்குப் போவது எப்படி இருக்கும் என்று அந்த நடைபாலத்தில் ஒரு தடவை நடந்து பார்.

நான் வழக்கமாகப் பிள்ளைகளை செனட் கட்டடத்துக்கு முன்னால் இறக்குவேன். கண்டிப் பாணிக் கூரையும் தூண்களும் உள்ள அந்தக் கட்டடத்தைப் பார்த்தால், இதைக் கட்டியவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது புரியும். அங்கிருந்து நூலகம். ஏட்டுச்சுவடிகள் ஏராளமாக உள்ள நூலகம் அது. அனுமதி கிடைத்தால் ஒரு மணி நேரமாவது உள்ளே இருங்கள். போட்டோ எடுக்கச் சொல்லவில்லை. ஒரு மேசையில் சும்மா உட்கார்ந்து பாருங்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தின் ஒற்றை அறையில் தம்பி தங்கச்சியின் சத்தத்துக்கு நடுவே படித்த பிள்ளைக்கு அந்த அமைதி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். எனக்கு முதல் கிழமை அங்கே நித்திரைதான் வந்தது.

அப்புறம் கலைப்பீடம், திறந்தவெளி அரங்கு, பகல் சாப்பாட்டுக்கு வுஸ் கன்டீன். பிறகு உன் பாடத்துக்குரிய பீடம். அதோடு பொழுது போய்விடும்.

புசல்லாவையில் இருந்து ஒரு அக்கா: பக்கத்திலேயே பூந்தோட்டமும் இருக்கிறதே. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா?

வேண்டாம் அக்கா. எல்லோரும் செய்கிற வேலை இது. காலையில் பூந்தோட்டம், பிள்ளைகள் ஓடியாடிக் களைத்த பிறகு மூன்று மணிக்குக் கம்பஸ். அப்போது அலுவலகங்கள் மூடுகிற நேரம். பூந்தோட்டம் 1821இல் இருந்து அங்கே இருக்கிறது, எங்கேயும் போய்விடாது. பூ பார்க்கத்தான் ஆசை என்றால் கம்பஸ் பாதையிலேயே ரொபரோசியா மரங்கள் இருக்கின்றன. பூக்கிற காலத்தில் தார் ரோடு தெரியாத அளவுக்கு ரோஸ் நிறம் கொட்டிக் கிடக்கும்.

மஸ்கெலியாவில் இருந்து ஒரு அம்மா: மகளை விடுதியில் விடப் பயமாக இருக்கிறது. அங்கே விடுதி எப்படி? போய்ப் பார்க்க முடியுமா?

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. என் அம்மாவும் என்னை விட்டுவிட்டுப் போன அன்று கலஹாச் சந்தி வரை அழுதுகொண்டு போனதாக அப்பா சொன்னார்.

அங்கே விடுதியை ‘ஹோல்’ என்றுதான் சொல்வார்கள். மாணவர் வளாகத்திலேயே தங்கிப் படிக்க வேண்டும் என்பது முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸின் எண்ணம். அதனால்தான் தொடக்கத்திலேயே ஹோல்களையும் சேர்த்துக் கட்டினார்கள். பெண்களுக்கு ஹில்டா ஒபேசேகர, சங்கமித்தா போன்றவை இருக்கின்றன. ஒவ்வொரு ஹோலுக்கும் ஒரு வோர்டன், துணை வோர்டன்கள், வாசலில் காவலாளி. வெளியார் அறைப்பக்கம் போக முடியாது. அப்பாவாக இருந்தாலும் வரவேற்பறையோடு சரி. நீங்கள் சுற்றிப் பார்க்கப் போகிற அன்று உள்ளே விடவில்லை என்றால் கோபப்படாதீர்கள். உங்கள் மகள் அங்கே இருக்கும்போது அதே கட்டுப்பாடுதான் அவளுக்குக் காவல்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் காலம் போல எல்லோருக்கும் எல்லா வருடமும் ஹோல் கிடைக்காது. மாணவர் தொகை கூடிவிட்டது. பொதுவாக முதல் வருடத்துக்கும் கடைசி வருடத்துக்கும் முன்னுரிமை. இடைப்பட்ட காலத்தில் வெளியே அறை எடுக்க வேண்டி வரலாம். அதனால் ஹோல் வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், ஹிந்தகலைப் பக்கமும் ஒரு நடை போய் வாடகை என்ன, இரவில் பாதையில் வெளிச்சம் இருக்கிறதா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரியுங்கள். கட்டடத்தின் அழகைவிட இதுதான் உங்களுக்குத் தேவை.

எங்கள் அறையில் மூன்று பேர். ஒருத்தி மட்டக்களப்பு, ஒருத்தி குருநாகல். குருநாகல்காரி கொண்டு வரும் கொக்கிஸ் பலகாரத்துக்கும் எங்கள் வீட்டுத் தேயிலைத் தூளுக்கும் பண்டமாற்று நடக்கும். இன்றைக்கும் நாங்கள் மூவரும் தொடர்பில் இருக்கிறோம்.

அருணாசலம் ஹோல், இராமநாதன் ஹோல் என்கிறார்களே, அவர்கள் தமிழர்கள்தானே? (ஹட்டனில் இருந்து ஒரு மாணவி)

ஆமாம் தங்கச்சி, அண்ணன் தம்பி. இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இலேயே சங்கம் அமைத்துக் கேட்டவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அவரிடம் நமக்கு இன்னொரு நன்றிக்கடனும் உண்டு. தோட்டத் தொழிலாளரைக் கடனால் கட்டிப்போட்ட ‘துண்டு’ முறைக்கு எதிராகப் பேசியவர் அவர். உன் பாட்டனின் பாட்டன் ஒரு தோட்டத்தில் இருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக, கடன் விவரம் எழுதிய அந்தத் துண்டுச் சீட்டு வேண்டியிருந்தது. அந்தப் பெயரை ஹோல் சுவரில் வாசிக்கும்போது இதையும் நினைத்துக்கொள்.

மாத்தளையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா: கொழும்பை விட்டு ஏன் இந்த மலைக்கு வந்தார்கள்?

ஐயா, இது பெரிய சண்டையே நடந்த விஷயம். கொழும்பா கண்டியா என்று வருடக்கணக்காக வாதாடினார்கள். கடைசியில் தெரிவான இடம் நியூ பேராதனைத் தோட்டம். ஆமாம், அதுவும் ஒரு தோட்டம்தான். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கியது. யுத்தமும் கட்டட வேலையும் இழுத்ததால் 1952இல்தான் பேராதனைக்கு முறையாக வந்து சேர்ந்தது. திட்டம் போட்டவர்களில் சேர் பற்றிக் அபர்குரோம்பி ஒருவர், கட்டடக் கலைஞர் ஷெர்லி டி அல்விஸ். 1954 ஏப்ரல் 20இல் எலிசபெத் மகாராணி முன்னிலையில் எடின்பரோ கோமகன் திறந்து வைத்தார். ஏற்கெனவே மாணவர் படித்துக்கொண்டிருந்த இடத்தை எப்படித் திறப்பது? ‘வழமையைவிட அதிகமாகத் திறந்திருக்கிறது’ என்று அறிவித்துச் சமாளித்தார் மனிதர்.

நானுஓயாவில் இருந்து உயிரியல் படிக்கும் மாணவி: மிருக வைத்தியம் படிக்க ஆசை. பார்க்க முடியுமா?

முடியும். நாட்டில் கால்நடை மருத்துவப் பீடம் இருப்பது அங்கே மட்டும்தான். அவர்களின் மிருக ஆஸ்பத்திரிக்குப் பொதுமக்கள் நாய், பூனை கொண்டு வருவார்கள். காத்திருக்கும் இடத்தில் அரை மணி நேரம் இருந்தாலே அந்த வேலை உனக்குப் பிடிக்குமா என்று தெரிந்துவிடும். நுவரெலியா மாவட்டம் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால், அவற்றுக்கென்று ஒதுக்கும் 5 வீத இடங்களிலும் உனக்கு வாய்ப்பு உண்டு. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி பற்றி உங்கள் மிஸ்ஸிடம் கேள், அவர் விளக்குவார்.

பொகவந்தலாவையில் இருந்து: எனக்குச் சிங்களம் தெரியாது, இங்கிலீஷும் அரைகுறை. அங்கே போய் விழிக்க வேண்டி வருமா?

கொஞ்ச நாள் விழிப்பாய். எல்லோரும் விழித்தோம். கலைப்பீடத்தில் தமிழ் மொழியில் படிக்கலாம். மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் உன் பக்கத்தில் இருக்கிற மாத்தறைப் பையனுக்கும் அதே நடுக்கம்தான், வெளியே காட்டமாட்டான். ‘குப்பி’ என்று ஒன்று உண்டு. மேல் வருட மாணவர்கள் பரீட்சைக்கு முன் கூட்டமாக இருத்திச் சொல்லிக் கொடுப்பது. தமிழ்க் குப்பி தனியாக நடக்கும். என்னைக் கரை சேர்த்தது குப்பிதான். சிங்களம் பஸ்ஸிலும் கன்டீனிலும் தானாக வரும். பயணம் போகிற அன்றே தொடங்கு. வழி கேட்பதை நீயே கேள், டீச்சரை அனுப்பாதே.

பகிடிவதை (ராகிங்) பற்றி உண்மையைச் சொல்லுங்கள். (பலர்)

இல்லை என்று சொல்ல மாட்டேன். 1997இல் இதே பல்கலைக்கழகத்தில் ஒரு தமிழ் மாணவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அடுத்த வருடமே அதைத் தடை செய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சிறைத் தண்டனை வரை உண்டு. சட்டம் வந்ததோடு எல்லாம் நின்றுவிடவில்லை. ‘எங்கள் காலத்தில் அது ஒரு பகிடிதான்’ என்று சிரிக்கிற பெரியவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. பிள்ளைக்கு ஒன்று நடந்தால் மறைக்காமல் வீட்டுக்குச் சொல்லப் பழக்குங்கள். முதல் மாதம் தினமும் போன் எடுங்கள். சுற்றிப் பார்க்கப் போகும்போது மாணவர் ஆலோசகர் அறை எது என்று கேட்டு வையுங்கள். யாரும் பார்க்காமல் தாண்டிப் போகிற கதவு அது.

செலவு?

படிப்புக்குக் கட்டணம் இல்லை. 1945இல் வந்த இலவசக் கல்வி பல்கலைக்கழகம் வரை உண்டு. மஹாபொல அல்லது பேர்சரி உதவித்தொகை கிடைக்கும். அது கைச்செலவுக்குத்தான் காணும். போட்டோகொப்பி, பஸ், சாப்பாடு எல்லாவற்றுக்கும் வீட்டில் இருந்தும் வேண்டும். கன்டீனில் அன்றைய சோற்றுப் பார்சல் விலையைப் பார்த்து மாதத்துக்குக் கணக்குப் போடுங்கள்.

பதுளையில் இருந்து: எங்களுக்கு ஊவா வெல்லஸ்ஸ பக்கமாயிற்றே?

அதையும் பாருங்கள். 2005இல் தொடங்கிய பல்கலைக்கழகம். பேராதனைதான் உசத்தி என்று நான் சொல்ல மாட்டேன், நான் படித்த இடம் என்ற பாசம் வேறு விஷயம்.

கந்தப்பளையில் இருந்து: அங்கே நம் ஆட்களின் கலை, கோயில் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. குறிஞ்சிக் குமரன் கோயில் மேட்டில். ஏறிப் போக மூச்சு வாங்கும், ஆனால் மேலே நின்று பார்த்தால் ஏறியது வீண் போகாது. பள்ளிவாசல், தேவாலயங்கள், பௌத்த விகாரை எல்லாம் வளாகத்திலேயே உண்டு.

கலை என்றால், திறந்தவெளி அரங்கைப் பாருங்கள். பேராசிரியர் சரச்சந்திரவின் பெயரில் இருக்கிறது, சிங்களத்தில் ‘வல’, குழி என்பார்கள். மரத்தடியில் படிப்படியாக இறங்கும் பள்ளம். அவர் சிங்கள நாடகத்தைக் கட்டிய அதே காலத்தில் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து மாணவர்களை ஆட வைத்தார். நம் காமன் கூத்தை யாராவது ஒருவர் அந்தப் படிகளுக்குக் கொண்டு வர வேண்டும் என்பது என் பழைய ஆசை. என் வகுப்பில் மாசி மாதம் ரதியாக வேஷம் கட்டுகிற ஒரு பையன் இருக்கிறான். அவனை அந்தப் பள்ளத்தின் நடுவில் நிறுத்தி ஒரு பாட்டுப் பாட வைத்தேன். மேலே இருந்த இரண்டு சிங்கள மாணவிகள் கை தட்டினார்கள்.

தெல்தோட்டையில் இருந்து பத்தாம் ஆண்டு மாணவன்: டீச்சர், எங்கள் பஸ் தினமும் அதற்குள்ளால்தான் போகிறது. தனியாக இறங்கிப் பார்க்கலாமா? யாராவது கேட்டால் என்ன சொல்வது?

இறங்கு தம்பி. கேட்டால் எந்தப் பாடசாலை, என்ன படிக்கிறாய் என்று சொல், பார்க்க வந்தேன் என்று சொல். வீட்டில் சொல்லிவிட்டு வா. நூலகத்துக்குக் கிட்ட இறக்கிவிடச் சொல்லி, திரும்பிப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடமே கேட்டுக்கொள். குடை எடு. சாப்பாட்டுப் பார்சலைப் பைக்குள் வை, கையில் கண்டால் குரங்கு விடாது.