௰௨ என்றால் 102 இல்லைங்க: பழைய பத்திரத்து 'வது'

தொண்டிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் "௰௨-வது இலக்கம் புஞ்சை" என்று இருக்கிறது. புரோக்கரிடம் காட்டினால், "இது சர்வே நம்பர் 102, அது இப்போது வேறு ஆள் பட்டாவில் கிடக்கிறது, செலவு செய்தால் சரிக்கட்டிவிடலாம்" என்கிறாராம். நம்பலாமா?

நம்பாதீர்கள். அது 102 இல்லை, 12. பழைய முறையில் பூஜ்யம் போட்டு எழுத மாட்டார்கள். பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறி. 102 எழுத வேண்டுமானால் ௱௨ என்று எழுதியிருப்பார்கள். ஒரே ஒரு இடத்தில்தான் எல்லாரும் சறுக்குவது, அதனால் நிதானமாகப் பாருங்கள்: ௰-க்கு முன்னால் எண் வந்தால் பெருக்க வேண்டும், பின்னால் வந்தால் கூட்ட வேண்டும். ௨௰ இருபது. ௰௨ பன்னிரண்டு. ௨௰௨ இருபத்திரண்டு. ௱௨௰ என்றால் நூற்றிருபது, ஏனென்றால் அந்த ௨ தனக்குப் பின்னால் நிற்கும் ௰-ஐத்தான் பெருக்கும். கையில் இருப்பது டைப் அடித்த நகல் என்றால் இன்னும் தொல்லை. ௨ பார்க்க உ மாதிரியும் ௰ கிட்டத்தட்ட ய மாதிரியும் இருப்பதால் "யஉ" என்று அடித்து வைத்திருப்பார்கள், அது யாரோ ஒருவருடைய இனிஷியல் என்று நினைத்துக்கொண்டு அலைகிறவர்கள் உண்டு.

அடுத்தது 'வது'. 'ஆவது' என்பதன் குறுக்கம், 'ஆம்' போலவே 'ஆகு' என்ற வினையிலிருந்து வந்தது, வரிசையில் எத்தனையாவது என்று சொல்லும், அவ்வளவுதான். 'இலக்கம்' என்றால் எண். கொழும்புப் பக்கம் இன்றைக்கும் வீட்டு நம்பரை இலக்கம் என்றுதான் எழுதுகிறார்கள். சர்வே நம்பர் என்றால் பெரும்பாலும் ச.நெ. என்று தனியாகப் போட்டிருக்கும். ஆகவே உங்களுடையது சொத்து விவரப் பட்டியலில் பன்னிரண்டாவது அயிட்டமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சோதிப்பது சுலபம்: அதற்கு மேலே ௰௧-வது, கீழே ௰௩-வது என்று வரிசையாகப் போனால் சந்தேகமே வேண்டாம்.

சரி, அப்போது நிலம் எது? அதே அயிட்டத்தின் கீழ் நான்குமால், அதாவது நான்கு பக்க எல்லை, எழுதியிருக்கும், ஊருணி, கரை, பக்கத்து நிலக்காரர் பெயர் எல்லாம் அதில்தான். அதைப் பிடித்துக்கொண்டு போங்கள். நம் பக்கம் ஜமீன் கிராமங்கள் நிறைய. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அளந்தார்கள், 1980களில் யுடிஆர் என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்பு வந்து மறுபடியும் மாறியது, ஆகவே பத்திரத்தில் சர்வே நம்பர் இருந்தாலுமே இன்றைய நம்பரோடு பொருந்தாமல் போகலாம். பழைய நம்பருக்கு நேரான புது நம்பரைத் தாலுகா ஆபீசில் கேட்டு வாங்க வேண்டும். "அடுத்த வாரம் வாங்க" என்பார்கள், பதிவேடு பின்னாலிருக்கும் பீரோவில்தான் இருக்கும். எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள், வாயால் கேட்டால் வேலை நடக்காது. இந்த இழுத்தடிப்பால்தான் புரோக்கர்களுக்குப் பிழைப்பே ஓடுகிறது.

ஒன்று மட்டும் செய்துவிடாதீர்கள். 12-ஐ 102 என்று மாற்றிப் 'பிழைத்திருத்தல் பத்திரம்' போடலாம் என்று சொல்லிப் புரோக்கர் ஒரு தாளை நீட்டுவார். அதில் கையெழுத்துப் போட்டால் அடுத்தவர் நிலத்துக்கு நீங்களே வழக்கு வாங்கிக்கொள்வீர்கள், சொந்த நிலத்துக்கும் இருந்த ஆதாரம் குழம்பிப்போகும். அசல் பத்திரத்தையும் அவர் கையில் விடாதீர்கள், ஜெராக்ஸ் போதும்.