ஜே2 லீக்கில் ஆறாமிடம் பிடித்த அணி முதல் பிரிவுக்கு ஏறியது எப்படி?

ஜே2 என்பது ஜப்பானிய தொழில்முறைக் கால்பந்தின் இரண்டாம் பிரிவு. 2012 பருவத்தில் அதில் 22 அணிகள் தலா 42 ஆட்டங்கள் ஆடின. முதல் இரண்டு அணிகள் நேரடியாக ஜே1 பிரிவுக்கு உயர்ந்தன. ஜே1-க்கு உயரும் மூன்றாவது வாய்ப்புக்கு மட்டும், மூன்று முதல் ஆறு வரையிலான இடங்களைப் பிடித்த அணிகளுக்கிடையே தகுதிச் சுற்று அந்த ஆண்டுதான் அறிமுகமானது.

பருவத்தின் கடைசி வாரங்களிலும் நடுவரிசை அணிகளுக்கு நம்பிக்கை மிஞ்சியிருக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. ஆயினும் நீண்ட பருவத்தின் உழைப்பு வீணாகாதபடி, ஆட்டம் சமனில் முடிந்தால் பட்டியலில் மேலே இருந்த அணியே முன்னேறும் என்று வகுத்தார்கள். இந்த விதி மிக நியாயமானது என்பேன். மருத்துவரின் அறை வாசலில் இருவர் ஒன்றாக எழுந்தால், முந்திய டோக்கன் வைத்திருப்பவர்தானே உள்ளே போகிறார்!

ஆகவே ஆறாமிடத்து ஓய்த்தா திரினித்தாவுக்கு வெற்றி ஒன்றே வழி. அரையிறுதியில் கியோத்தோவை 4-0 என வீழ்த்திய அவ்வணி, தோக்கியோ தேசிய அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில் ஐந்தாமிடத்துச் சிபாவுக்கு எதிராக 86-ஆவது நிமிடம் வரை கோலின்றித் தவித்தது. அப்போது ஹயாஷி அடித்த ஒரே கோல் அதை மேலேற்றியது.

தகுதிச் சுற்றில் வென்றவரே பிரிவின் சாம்பியன் என்று பலர் எண்ணுவது தவறு. அவ்வாண்டுப் பட்டம் முதலிடம் பெற்ற வென்ஃபோரே கோஃபுவுக்கே உரியது.