மாட்டுக்கு வைத்த கஞ்சி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பெயர் போட வேண்டாம். இந்த விடுமுறையில் சுசான் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ வரிசையை முழுதாகப் படித்தேன். குலுக்கலில் பிடித்த பிள்ளைகளை ஒருவரை ஒருவர் கொல்லவிட்டு, அதைத் தொலைக்காட்சியில் ஆட்டமாகக் காட்டும் ஒரு நாட்டின் கதை. முதல் மூன்று நாவல்கள், 2020இல் வந்த ‘தி பாலட் ஆஃப் சாங்பேர்ட்ஸ் அண்ட் ஸ்னேக்ஸ்’, 2025இல் வந்த ‘சன்ரைஸ் ஆன் த ரீப்பிங்’. 2012 முதல் 2023 வரை வந்த ஐந்து படங்களையும் பார்த்தேன்.

மூன்றாம் நாவலை ஏன் இரண்டு படங்களாக இழுத்தார்கள்? ரூ என்ற சிறுமியாகக் கறுப்பினப் பெண் நடித்ததற்கு எதிர்ப்பு வந்ததாமே, ஏன்? ‘இன்னுமா பிள்ளைகள் புத்தகம் படிக்கிறாய்’ என்று தோழிகள் கேலி செய்கிறார்கள். இதிலிருந்து தீவிர இலக்கியத்துக்கு எப்போது போவது? புத்தகத்தைவிடப் படம் மட்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு முதல் படம் நாவலைவிடப் பிடித்தது. நாவலில் என்ன ரொட்டி, என்ன குழம்பு என்று பக்கம் பக்கமாகச் சாப்பாட்டு விவரணை. அவற்றைத் தாண்டித் தாண்டித்தான் படித்தேன். படத்தில் அந்த இழுவை இல்லை. இனி இப்படிப்பட்ட கதைகளில் படத்தை முதலில் பார்ப்பதா, புத்தகத்தை முதலில் படிப்பதா?

ஒரு வாசகி

அன்பு மகளுக்கு,

சிலவற்றுக்கு ஒரு வரி போதும். மூன்றாம் நாவலை 2014, 2015 என்று இரண்டாக வெட்டியது வியாபாரம். அதை யோசித்து நேரத்தைப் போக்காதே. ரூவுக்கு அடர்பழுப்புத் தோல் என்று நாவலிலேயே எழுதியிருக்கிறது. அமாண்ட்லா ஸ்டென்பெர்க் என்ற அந்தச் சிறுமியைத் திரையில் பார்த்து முகம் சுளித்தவர்கள் அந்த வரியைத் தாண்டிப் படித்தவர்கள்.

நீயும் தாண்டியிருக்கிறாய். அதனால்தான் இந்தப் பதில்.

தீவிர இலக்கியத்துக்கு எப்போது போவது என்று கேட்கிறாயே, அது என்ன, பஸ் மாறி ஏறுகிற மாதிரியா? காட்னிஸ் என்ற பதினாறு வயதுப் பெண் சொல்லும் கதை என்பதால் அது சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் ஆகிவிடாது. சாப்பாட்டைத் தாண்டிப் படிக்கிறவள் எந்த இலக்கியத்துக்குப் போனாலும் அங்கேயும் தாண்டிக்கொண்டேதான் இருப்பாள். கோபமாகத்தான் சொல்கிறேன்.

நாவலின் பெயரிலேயே பசி இருக்கிறது. அந்த நாட்டின் பெயர் பனெம், லத்தீனில் ரொட்டி. ரொட்டியும் கேளிக்கையும் கொடுத்து ரோமாபுரி மக்களை அடக்கி வைத்தார்கள் என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது. காட்னிஸோடு அந்த ஆட்டத்துக்குப் போகும் பீட்டா ரொட்டிக் கடைக்காரரின் மகன். காட்னிஸ் என்பது தண்ணீரில் வளரும் ஒரு செடி, அதன் கிழங்கைத் தின்னலாம். உன்னை நீயே கண்டுபிடித்துக்கொண்டால் பட்டினி கிடக்க மாட்டாய் என்று அவளுடைய அப்பா சொல்வார். சுரங்கத் தொழிலாளி மகளுக்குக் கிழங்கின் பெயரை வைத்திருக்கிறார். சாப்பாட்டை எடுத்துவிட்டால் இந்த நாவலில் என்ன மிச்சம்? வில்லும் அம்பும்.

சீட்டுக் கணக்கையாவது கவனித்தாயா? பன்னிரண்டு வயதில் குலுக்கலில் உன் பெயருக்கு ஒரு சீட்டு, பதின்மூன்றில் இரண்டு, இப்படிப் பதினெட்டு வரை ஏறும். ஓர் ஆளுக்கு ஒரு வருடத்துக்கான கொஞ்சம் தானியமும் எண்ணெயும் வேண்டுமென்றால் இன்னொரு சீட்டு. வீட்டில் எத்தனை வயிறோ அத்தனை சீட்டு, வருடா வருடம். பதினாறு வயது காட்னிஸின் பெயர் 20 சீட்டில் இருக்கிறது. வயதுக்கு 5, மூன்று வயிற்றுக்கு ஐந்து வருடமாக 15. அவளுடைய சிநேகிதன் கேலுக்கு 42. படத்தில் இந்த 42 ஒரு வசனத்தில் வந்துபோகிறது. தானியம் வாங்காதே என்று தங்கையிடம் அக்கா சொல்வது இன்னொரு வசனம். அவ்வளவுதான். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது தவிர வேறு கணக்குத் தெரியாத பெண்கள்கூட நாவலின் அந்தப் பக்கத்தில் நின்றுவிடுவார்கள். நீ நிற்கவில்லை.

முதல் நாவலின் இரண்டாம் அத்தியாயத்துக்கு வா. காட்னிஸுக்குப் பதினோரு வயது. அப்பா சுரங்க வெடிப்பில் போய்விட்டார். அம்மா எழுந்திருக்காமல் கிடக்கிறாள். தங்கையின் பழைய குழந்தைத் துணிகளை விற்கப் போய், ஒன்றும் விற்காமல், மழையில் நனைந்துகொண்டு ரொட்டிக் கடையின் பின்பக்கக் குப்பைத்தொட்டியைத் திறக்கிறாள். அதுவும் காலி. கடைக்காரரின் மனைவி விரட்டுகிறாள். கொஞ்ச நேரத்தில் கடைக்குள் ஏதோ விழும் சத்தம், பிறகு அடி விழும் சத்தம். பையன் கருகிய இரண்டு ரொட்டிகளோடு வெளியே வருகிறான், கன்னத்தில் தடிப்பு. பன்றிக்குப் போடச் சொல்லித் தாய் கத்துகிறாள். கருகிய ஓரங்களைப் பிய்த்துப் பன்றித்தொட்டியில் போடுகிறான். அவள் உள்ளே திரும்பிய நொடியில் இரண்டு ரொட்டிகளையும் இவள் பக்கம் வீசிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போய்விடுகிறான். சட்டைக்குள் வைத்து இறுக்கிக்கொண்டு நடக்கிறாள், சூடு தோலைச் சுடுகிறது. ரொட்டிக்குள் திராட்சையும் கொட்டைகளும் இருந்தன என்று காலின்ஸ் எழுதுகிறார். இந்த வரியைத்தானே இழுவை என்றாய்? வேண்டுமென்றேதான் கருகவிட்டானோ என்று அவளுக்கு மறுநாள்தான் தோன்றுகிறது. நன்றி சொல்லவில்லை. ஐந்து வருடமாக அது அவளை உறுத்துகிறது.

உன் கடிதம் வந்த வாரத்தில்தான் நான் ஓர் அத்தையின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்த் திரும்பியிருந்தேன். சொந்த அத்தை இல்லை, நாங்கள் முன்பு குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்து வீடு.

1983. நான் நாலாம் வகுப்பு. அப்பா வேலை பார்த்த மில்லை மூடி ஏழு மாதம் ஆகியிருந்தது. பித்தளை அண்டா போயிற்று, அம்மாவின் தோடு போயிற்று, ஆவணியில் மாடும் போயிற்று. மதியம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு உண்டு, அதற்கு முந்தின வருடம்தான் வந்த திட்டம். அலுமினியத் தட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவேன். ராத்திரிதான் கஷ்டம்.

மாட்டை வியாபாரி ஓட்டிக்கொண்டு போனதைத் தெருவே பார்த்தது. அத்தையும் வாசலில் நின்று பார்த்தாள். மறுநாள் பொழுது சாய, இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த குட்டைச் சுவரில் ஒரு தூக்குச்சட்டி. “மதினி, மாட்டுக்குக் கஞ்சித்தண்ணி வச்சிருக்கேன், எடுத்துக்கிடுங்க” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அம்மா கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள். பிறகு போய் எடுத்து வந்தாள். மேலே ஆடை கட்டின வடிகஞ்சி. கையை விட்டால் அடியில் சோறு, மூன்று பேருக்குப் போதும். உப்பும் போட்டிருந்தது. மாட்டுக் கஞ்சிக்கு யார் உப்புப் போடுவார்கள்?

தை மாதம் வரை ஒருநாள் தவறாமல் சட்டி வந்தது. கழுவிக் கவிழ்த்து அதே சுவரில் வைப்பது என் வேலை. அம்மாவும் அத்தையும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அங்கே பன்றி, இங்கே மாடு. அந்த அத்தியாயத்தை முதன்முதலாகப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

இனி உன் படத்துக்கு வருகிறேன். 2012இல் கேரி ராஸ் எடுத்தது மோசமான படம் இல்லை. திரைக்கதையில் காலின்ஸும் பங்கெடுத்தார். ஜெனிபர் லாரன்ஸின் உடம்பு பட்டினி கிடந்தவள் உடம்பு மாதிரி இல்லை என்று அப்போது சிலர் எழுதினார்கள். அற்பப் பேச்சு. ஒரு பெண்ணின் விலா எலும்பை எண்ணியா பசியைத் தெரிந்துகொள்வது? நாவலைக் காட்னிஸ் ‘நான்’ என்று சொல்கிறாள். வயிறு அவளுடையது, நாம் அதற்குள் இருந்து பார்க்கிறோம். படத்தில் அந்த மழையும் ரொட்டியும் துண்டு துண்டாக மின்னி மறைகின்றன. கேமரா ரொட்டியைக் காட்டிவிடும். பசித்தவள் கண்ணுக்கு ரொட்டி எப்படித் தெரியும் என்று காட்ட நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குத்தான் நீ இழுவை என்று பெயர் வைத்திருக்கிறாய்.

ரூ சாகும் இடத்தை எடுத்துக்கொள். அதற்குக் கொஞ்சம் முன்னால் காட்னிஸ் அவளுக்குக் காட்டுப்பறவையின் கால் ஒன்றைக் கொடுப்பாள். ஒரு முழுக் கால் தனக்கென்று கிடைத்ததே இல்லை என்பாள் அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண். அவள் ஊர் விளைச்சல் முழுவதையும் தலைநகருக்கு அனுப்பும் விவசாய மாவட்டம். அவள் செத்த பிறகு அந்த மாவட்டத்து ஏழைகள் காசு சேர்த்து வாங்கிய ஒரு ரொட்டி, பிறை வடிவில், மேலே விதை தூவியது, பாராசூட்டில் காட்னிஸுக்கு வந்து இறங்குகிறது. இந்த ஒன்றை வாங்க எத்தனை பேர் வயிற்றைக் கட்டினார்களோ என்று அவள் நினைக்கிறாள். வெளிச்சத்துக்கு வந்து நின்று, கேமராக்களுக்குக் கேட்கும்படி நன்றி சொல்கிறாள். அன்று பீட்டாவிடம் அவள் வாயிலிருந்து வராத நன்றி இங்கே வருகிறது. படத்தில் அந்த ரொட்டி இல்லை. அந்த இடத்தில் கலவரம் வைத்திருக்கிறார்கள். மூட்டை சரிகிறது, ஆட்கள் ஓடுகிறார்கள், தண்ணீர் பீய்ச்சுகிறார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். காட்னிஸ் உயர்த்தும் மூன்று விரலை உலகத்துக்குக் கொண்டுபோனது படம்தான். 2014இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது தாய்லாந்தில் அந்த விரல்களைக் காட்டியதற்காகப் பிள்ளைகள் பிடிபட்டார்கள். 2021இல் மியான்மர் தெருக்களில் ஆயிரக்கணக்கான கைகள் அப்படி உயர்ந்தன. ஒரு ரொட்டியை அப்படி உயர்த்திக்காட்ட முடியாது. ஆனால் நாவலில் அந்தக் கைச்சாடைக்குப் பொருள் நன்றி, மதிப்பு, பிரியமானவருக்கு விடை. எதிர்ப்பு பிறகு வந்து சேர்ந்தது. அதன் வேர் நன்றியில் இருக்கிறது.

2020 நாவலின் முதல் வரியே முட்டைக்கோஸ். பின்னாளில் கொடுங்கோலன் ஆகப்போகிற ஸ்னோ, பதினெட்டு வயதில், கொதிக்கிற தண்ணீரில் ஒரு பிடி முட்டைக்கோஸைப் போட்டுவிட்டு, ஒருநாள் இது என் உதட்டையே தாண்டாது என்று சபதம் எடுக்கிறான். ஆனாலும் இன்றைக்கு வயிறு முட்டக் குடித்தாக வேண்டும், விழாவில் குடல் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கக் கூடாது. 2023 படத்தின் தொடக்கத்தில், போர்க்காலத் தெருவில் ஒருவன் பிணத்தின் காலை வெட்டுவதை இரண்டு பிள்ளைகள் பார்க்கிறார்கள். அந்தச் சங்கதி நாவலிலும் உண்டு. பார்த்தால் மறக்காது. ஆனால் நான் அறிந்த பசி அந்தக் குடல் சத்தம். வகுப்பில் வயிறு கத்தும்போது நான் பெஞ்சை இழுத்துச் சத்தம் போட்டு மறைப்பேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். மில்லிலிருந்து வர வேண்டியதில் பாதி அந்தத் தை மாதம் வந்தது. அப்பா முதலில் ஒரு மாட்டை வாங்கினார். அது தொழுவத்துக்கு வந்த மறுநாள் சுவரில் வழக்கம்போலத் தூக்குச்சட்டி. அம்மா கையை விட்டுத் துழாவினாள். ஒரு பருக்கை இல்லை. உப்பில்லாத வெறும் கஞ்சி, மேலே இரண்டு கை தவிடு. அம்மா அதை அப்படியே கொண்டுபோய் மாட்டுக்கு ஊற்றினாள்.

படம் முதலா புத்தகம் முதலா என்றாய். எது முதலில் என்றாலும் எனக்குக் கவலை இல்லை. இரண்டாம் அத்தியாயத்தை இன்னொரு தடவை படி. திராட்சை, கொட்டை எல்லாவற்றையும் படி. படித்துவிட்டு எழுது.

அன்புடன்
அம்மா